அடைகாக்கும் இடமும் கணக்கேடும்: தொழில் வளர்காப்பகங்களின் வரலாற்றில் நீடித்த நிலைத்தன்மை

முன்னுரை

மொழிக்கென நடைபெறும் இப்பொழிவு வரிசையில் தொழில் வளர்காப்பகங்களைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கக்கூடும். மொழியாராய்ச்சியையே வாழ்நாள் பணியாகக் கொண்ட நம்மை இத்தலைப்பின்பால் ஈர்த்தவை இரண்டு சொற்கள். ஒன்று வளர்காப்பகம், மற்றொன்று நீடித்த நிலைத்தன்மை. இரண்டும் அண்மைக் காலத்தில் தமிழில் ஆக்கப்பட்டவை. அரசாங்க அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் இவை அடிக்கடி தென்படுகின்றன. மாணவர்தம் கட்டுரைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. ஆயினும் இச்சொற்கள் எந்தச் சூழலில் பிறந்தன, எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன என்பதை அறிந்தோர் சிலரே. வரலாறு அறியாத சொல் வெறும் ஒலியாகத் தேய்ந்துவிடும் என்பது மொழியியல் நமக்குக் கற்பித்த பாடம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்குக் குறைந்த வாடகையில் இடம், பகிர்ந்து பயன்படுத்தும் கருவிகள், பட்டறிவு உடையோரின் அறிவுரை, முதலீட்டாளரின் தொடர்பு ஆகியவற்றைச் சில ஆண்டுகளுக்கு வழங்கி, அவர்களைத் தம் காலில் நிற்கச் செய்யும் அமைப்பே தொழில் வளர்காப்பகம். இயற்கை வளத்தை அழிக்காமலும், வருங்காலத் தலைமுறையின் பங்கைப் பறிக்காமலும் தொழில் நடத்தும் பழக்கங்களை இவ்வமைப்புகள் புதிய தொழில்முனைவரிடம் எவ்வாறு ஊன்றுகின்றன என்பதே இவ்வுரையின் பொருள். நாம் நிறுவ விழையும் கருத்து ஒன்றே: ஒரு நிறுவனம் தன் இளமையில் எவற்றைக் கணக்கில் எழுதப் பழகுகிறதோ அவற்றையே முதுமையிலும் பேணும், எழுதப் பழகாதவற்றைப் பின்னர் எழுதவைப்பது மிகக் கடினம்.

1. சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் வழங்கும் இன்குபேட்டர் என்னும் சொல், மேலே படுத்திருத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கோழி முட்டைமீது அமர்ந்து சூடு தருவதையே அது முதலில் குறித்தது. பின்னர், செயற்கை வெப்பத்தால் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கும், குறைமாதக் குழந்தையைப் பேணும் மருத்துவக் கருவிக்கும் பெயராயிற்று.

தமிழில் இதற்கு நேரான வழக்குகள் பண்டுதொட்டே உள்ளன. அடைகாத்தல், அடைகிடத்தல் என்பன எழுத்து வழக்கு. கோழி அவயத்தில் இருக்கிறது என்பது தமிழகத்துச் சிற்றூர்களின் பேச்சு வழக்கு. அடைகிடத்தல் என்பதில் உள்ள கிட என்னும் வினையும், இலத்தீன் சொல்லின் உள்ளே நிற்கும் வினையும் பொருளால் ஒத்தவை என்பது கருதத்தக்கது. இரு மொழிகளும் ஒன்றோடொன்று உறவற்றவை. எனினும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே முறையில் பெயரிட்டுள்ளன. வளர்காப்பகம், பேணகம், அடைகாப்பகம் எனப் பல ஆக்கங்கள் இன்று வழங்குகின்றன. இவ்வுரையில் வளர்காப்பகம் என்பதையே ஆள்கிறோம்.

அடைகாத்தலைப் பற்றிச் சிற்றூரார் அறிந்த செய்தி ஒன்றை இங்கே நினைவூட்டலாம். அடைக்கோழி முட்டைமீது சும்மா அமர்ந்திருப்பதில்லை. முட்டைகளை அவ்வப்போது அலகால் புரட்டிவிடுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு கூமுட்டையாகிவிடக்கூடும். சூடு மட்டும் போதாது, இடையறாத கவனிப்பும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. தொழில் வளர்காப்பகத்திற்கும் இது பொருந்தும்.

2. கைவிடப்பட்ட ஆலையும் கோழிக்குஞ்சுகளும்

தொழிலுலகில் இச்சொல் நுழைந்த கதை சுவையானது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கே வேளாண் இயந்திரங்களைச் செய்துவந்த பேராலை ஒன்று 1950களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. ஊரில் ஐவரில் ஒருவர் வேலையற்றவர் என்னுமளவுக்கு நெருக்கடி மூண்டது. அவ்வூரில் வணிகம் செய்துவந்த மன்கூசோ குடும்பத்தார், ஏறத்தாழ எட்டரை இலட்சம் சதுர அடி பரப்புள்ள அக்கட்டடத்தை விலைக்கு வாங்கினர். அதை நிரப்பும் பொறுப்பு ஜோசப் மன்கூசோ என்பவரிடம் வந்தது.

அவ்வளவு பெரிய கட்டடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும் ஒரே நிறுவனம் கிடைக்கவில்லை. எனவே 1959ஆம் ஆண்டில் அவர் கட்டடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விடலானார். அலுவலகப் பணிகளைப் பொதுவாக்கினார். வணிக அறிவுரை தந்தார். முதல் திரட்டவும் உதவினார். தொடக்கத்தில் குடிவந்தவர்களுள் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம் ஒன்றும் இருந்தது. கட்டடத்திற்குள் குஞ்சுகளின் கீச்சொலியைக் கேட்டுவந்த மன்கூசோ, தாமும் தொழில்களை அடைகாப்பதாக வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார். அவ்வேடிக்கையே நாளடைவில் துறைச்சொல்லாக நிலைபெற்றது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு கூறுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மன்கூசோவின் நோக்கம் வேலைவாய்ப்பு ஒன்றே. சுற்றுச்சூழல் அன்று எவர் எண்ணத்திலும் இல்லை. ஆயினும் இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் மறுபடியும் பயன்படுத்தல், பலர்க்கும் பொதுவான வசதிகளைப் பகிர்தல் என்னும் இரண்டு பழக்கங்கள் இவ்வமைப்பின் பிறப்பிலேயே அமைந்துவிட்டன. வளங்களைச் சிக்கனமாகக் கையாளும் வித்து அதன் உள்ளேயே இருந்தது. அது முளைவிடத்தான் நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

வளர்ச்சியும் முதலில் மெதுவாகவே இருந்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 12 வளர்காப்பகங்களே இருந்தன. ஆலைகள் மூடப்பட்ட நகரங்கள் புதிய வழி தேடிய அப்பதிற்றாண்டில் இம்முறை விரைந்து பரவியது. 2006ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை 1,400-ஐத் தாண்டியது. இந்தியாவில் 1980களில் அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்காக்கள் தோன்றின. திருச்சிராப்பள்ளியில் 1986இல் அமைந்த பூங்கா அவற்றுள் முன்னோடி.

3. காட்டிலிருந்து வந்த சொல்

இனி, இரண்டாவது சொல்லுக்கு வருவோம். நீடித்த நிலைத்தன்மை என்னும் கருத்தைப் பலர் இயற்கை ஆர்வலர்களின் படைப்பு எனக் கருதுகின்றனர். உண்மையில் அது தொழிலின் தேவையிலிருந்து பிறந்தது. செருமனியின் சாக்சனிப் பகுதியில் ஃப்ரைபெர்க் நகரைச் சூழ்ந்து வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கவும் உலைகளை எரிக்கவும் பேரளவில் மரம் தேவைப்பட்டது. சுற்றியிருந்த காடுகள் அழிந்தன. அச்சுரங்கங்களின் நிருவாக அதிகாரியான ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713ஆம் ஆண்டில் காட்டுப் பொருளியல் பற்றி நூலொன்றை வெளியிட்டார். காடு மீண்டும் வளரக்கூடிய அளவிற்கே மரத்தை வெட்ட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. வெட்டுவதற்கும் வளர்வதற்கும் இடையே ஒரு கணக்கை அவர் வேண்டினார்.

கார்லோவிட்ஸ் கணக்கறிந்த அதிகாரி. மரம் தீர்ந்தால் வெள்ளியும் தீரும் என்பதே அவரது கவலை. எனவே நிலைத்தன்மை என்னும் எண்ணம் தொடக்கம் முதலே கணக்கேட்டோடு பிணைந்தது. அறவுரையாக மட்டும் அதனைக் கற்பிக்கும் நம் பாடநூல்கள் இவ்வரலாற்றுக் கூற்றைச் சேர்த்துக்கொண்டால் மாணவர் அதன் வலிமையை இன்னும் நன்கு உணர்வர்.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கருத்து உலக அரங்கை எட்டியது. 1962இல் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளின் தீங்கை எழுதினார். 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாடு கூடியது. நார்வேயின் கிரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐக்கிய நாடுகள் ஆணையம் 1987இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றைய தேவையை நிறைவுசெய்யும்போது வருங்காலத்தவர் தம் தேவையை நிறைவுசெய்துகொள்ளும் ஆற்றலைக் குலைக்கலாகாது என்னும் விளக்கம் அவ்வறிக்கையால் உலகப் பொதுவாயிற்று. 1992இல் ரியோ மாநாடு அதனை அரசுகளின் கொள்கையாக்கியது.

தமிழில் இதற்கு வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி, நீடித்த நிலைத்தன்மை எனப் பல ஆக்கங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் சுற்றுப்புற அமைச்சின் பெயரிலேயே நீடித்த நிலைத்தன்மை இடம்பெற்றது. ஒரு சொல் அமைச்சின் பெயர்ப்பலகை ஏறிவிட்டால் அது வகுப்பறைக்கும் வந்துவிடுகிறது.

4. இரண்டு ஓடைகளும் கலந்த இடம்

1990கள் வரை இவ்விரண்டு வரலாறுகளும் தனித்தனியே ஓடின. சுற்றுச்சூழல் விதிகள் பெரும்பாலும் ஏற்கெனவே நிறுவப்பட்ட ஆலைகளைத் திருத்தவே முனைந்தன. மலேசியாவின் செம்பனை ஆலைகள் இதற்குத் தக்க சான்று. எண்ணெய் எடுத்தபின் வெளியேறும் கழிவுநீர் ஆறுகளின் உயிர்வளியை உறிஞ்சியது. 1977ஆம் ஆண்டு விதிகள், ஆற்றில் விடப்படும் கழிவுநீரின் உயிர்வளித் தேவைக்கு வரம்பு விதித்தன. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என 1978இல் தொடங்கிய அவ்வரம்பு படிப்படியாக இறுக்கப்பட்டு 1984இல் 100 மில்லிகிராம் ஆனது. மலேசியாவின் பாராட்டத்தக்க சாதனை இது. எனினும், ஆலையைக் கட்டி முடித்த பின்னரே கழிவுக் குட்டைகளுக்கு நிலமும் பொருளும் தேட வேண்டியிருந்தது. கட்டும்போதே எண்ணியிருந்தால் செலவும் குறைந்திருக்கும், ஆறுகளும் தப்பியிருக்கும்.

அமைப்புகள் தாம் தோன்றிய காலத்துச் சூழலின் அடையாளங்களை நெடுங்காலம் சுமக்கின்றன என்பதைச் சமூகவியல் அறிஞர் ஆர்தர் ஸ்டிஞ்ச்கோம் 1965இல் எடுத்துக்காட்டினார். புதிய அமைப்புகளே மிகுதியாக மாய்கின்றன என்பதையும் அவர் சுட்டினார். வளர்காப்பகத்தின் தேவையை இவ்விரண்டு கூற்றுகளும் சேர்ந்தே விளக்குகின்றன. இளநிறுவனம் எளிதில் மடியக்கூடியது. ஆகவே காப்பு வேண்டும். இளமையில் பதிந்தது எளிதில் மாறாதது. ஆகவே அக்காப்பின்போதே நற்பழக்கமும் வேண்டும்.

இதனை உணர்ந்து நோக்கத்தோடு செயல்பட்ட முயற்சிகளுள் ஒன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் தோன்றியது. அங்கே பல்கலைக்கழகச் சார்பில் 1989இல் அமைந்த தொழில்நுட்ப வளர்காப்பகம், 2001இல் தூய எரிசக்திக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியது. அதே 2001இல் சென்னையில், ஊர்ப்புறச் சிக்கல்களுக்குத் தீர்வு காணும் தொழில்முனைவரை வளர்க்கும் அமைப்பாக வில்குரோ உருவாயிற்று. 2011இல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சியும் அதன் மின்-நீர் வாரியமும் தூய தொழில்நுட்ப வளர்காப்பகம் ஒன்றுக்கு வித்திட்டன. அதே ஆண்டில் பாஸ்டன் வட்டாரத்தில் நான்கு சிறு நிறுவனங்கள் ஆய்வுக்கூட வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஒரே இடத்தில் கூடின. அதுவே கிரீன்டவுன் ஆய்வகங்கள் எனப் பெருகி, 2021இல் எண்ணெய் நகரமாகிய ஹியூஸ்டனிலும் கிளை பரப்பியது.

5. உள்ளே நிகழ்வது என்ன?

இத்தகைய வளர்காப்பகத்தினுள் நற்பழக்கம் எவ்வாறு ஊன்றப்படுகிறது? நாம் ஆராய்ந்த அளவில் ஐந்து வழிகளைக் காண்கிறோம்.

முதலாவது, பகிர்வு. ஒரு புதிய நிறுவனம் கடைசல் பொறியையோ ஆய்வுக் கருவியையோ சொந்தமாக வாங்கினால் அது பெரும்பொழுது சும்மா கிடக்கும். பத்து நிறுவனங்கள் ஒரே பட்டறையைப் பகிரும்போது வாங்கும் பொருளும் குறைகிறது, வீணாகும் மின்சாரமும் குறைகிறது. இதைவிட முக்கியமானது, சொந்தமாக வாங்கும் முன் இரவல் கிடைக்குமா எனக் கேட்கும் மனப்பான்மை பழகிவிடுவது.

இரண்டாவது, வடிவமைப்பின்போதே எழுப்பப்படும் வினா. பொருளை எதனால் செய்வது, எப்படிப் பொதிவது, பழுதானால் பிரித்துச் சீர்செய்ய இயலுமா என்பன வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. தொழில்முனைவர் தம் பொருளை முதன்முதலாகக் காட்டும்போதே, இது பயன் முடிந்தபின் எங்கே போகும் என்று வழிகாட்டி ஒருவர் கேட்டால், விடை தேடும் காலம் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூர் மாணவர்க்கு இவ்வினாவின் கூர்மை எளிதில் விளங்கும். நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமாகிய செமக்காவ் 1999இல் செயல்படத் தொடங்கியது. இப்போதைய வேகத்தில் 2035 அளவில் நிரம்பிவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. எங்கே போகும் என்பதற்கு இங்கே விடை ஒரு தீவின் பெயர். அத்தீவும் நிரம்பி வருகிறது.

மூன்றாவது, அளவிடல். கச்சாப் பொருளைத் தோண்டி எடுப்பது முதல் பயன்முடிந்து எறிவது வரை ஒரு பொருள் எவ்வளவு நீரையும் எரிசக்தியையும் உண்கிறது, எவ்வளவு கரியமிலவாயுவை உமிழ்கிறது எனக் கணக்கிடும் முறையை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்பர். தனியொரு சிறு நிறுவனத்தால் இதற்குரிய வல்லுநரை அமர்த்த இயலாது. வளர்காப்பகம் பலர்க்கும் பொதுவாக ஒருவரை அமர்த்த இயலும். கரிம வரி வந்தபின் இக்கணக்கு அறத்தோடு பணத்தையும் சார்ந்ததாகிவிட்டது. சிங்கப்பூரில் 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய அவ்வரி 2024இல் 25 வெள்ளியாயிற்று. 2026ஆம் ஆண்டிற்கு 45 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. பேரளவில் உமிழும் ஆலைகளே இதனை நேரடியாகச் செலுத்துகின்றன. ஆயினும் அவ்வாலைகளுக்குப் பொருள் வழங்க விரும்பும் சிறு நிறுவனத்திடமும் உமிழ்வுக் கணக்கு கேட்கப்படும் காலம் இது.

நான்காவது, சோதனைக் களம். புதிய நீர்வடிகட்டியையோ குளிரூட்டும் முறையையோ முதலில் வாங்குபவர் எவர்? பிறரிடம் வெற்றிபெற்றதைக் காட்டினால் வாங்குகிறோம் என்றே ஒவ்வொருவரும் சொல்வர். இந்த முட்டுக்கட்டையை நீக்க, வளர்காப்பகமே தன் கட்டடத்தைச் சோதனைக்குத் தருகிறது. ஜூரோங்கில் 50 ஹெக்டர் பரப்பில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தூய தொழில்நுட்பப் பூங்கா இவ்வகையில் எண்ணத்தக்கது. அங்கிருந்த இயற்கை நிலத்தைப் பேணியே அது திட்டமிடப்பட்டது. பூங்காவையே ஆய்வுக்களமாக்கிப் புதிய தீர்வுகளைச் சோதிக்க வழிசெய்யப்பட்டது.

ஐந்தாவது, பொறுமையுள்ள முதல். இதுவே எளிதில் பிழைபடும் இடமாதலால் சற்று விரித்துரைக்கிறோம். 2005இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிப் பரவிய விரைவூக்கி முறை, மூன்று மாதத்தில் நிறுவனத்தை முதலீட்டாளர் முன் நிறுத்தியது. மென்பொருளுக்கு அவ்வேகம் பொருந்திற்று. ஆனால் புதிய மின்கலத்தையோ சூரியத் தகட்டையோ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுகூட ஆகலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எரிசக்தி ஆய்வு முனைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2006 முதல் 2011 வரை துணிகர முதலீட்டாளர்கள் தூய தொழில்நுட்பத்தில் 2,500 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் இட்டு, அதில் பாதிக்குமேல் இழந்தனர். நோக்கம் நல்லதாயினும் கால அளவு பொருந்தவில்லை. கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். இரண்டையும் ஒரே நாளில் பொரிக்கச் சொல்வது அறியாமை. எனவே அரசு மானியம், அறக்கட்டளை நிதி, நீண்டகாலக் கடன் ஆகியவற்றை இணைத்துத் தருவது இத்துறை வளர்காப்பகங்களின் தனிப்பொறுப்பாகிறது.

6. நம்மவரின் கிட்டங்கி

இதுவரை கண்ட ஐந்து வழிகளுள் இடப்பகிர்வும் இளையோர் பயிற்சியும் நம் முன்னோர்க்குப் புதியவையல்ல. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், கோலாலம்பூரின் அம்பாங் வீதியிலும், பினாங்கிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை மூத்தோர் பலர் நேரில் கண்டிருப்பர். கிட்டங்கி, கிடங்கு, மலாயில் கூடாங், ஆங்கிலத்தில் கோடவுன் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது சொற்பிறப்பறிஞர் பலரின் கருத்து. கிடங்கு என்பதைக் கிட என்னும் வினையடியாகப் பிறந்ததாகக் கொள்வர். அடைகிடத்தலில் உள்ள அதே கிட இங்கும் நிற்பது கருதத்தக்கது.

நீண்ட கடைவீட்டின் கூடத்தில் இருபுறமும் பல நிறுவனங்களின் முகவர்கள், ஆளுக்கொரு தாழ்ந்த மேசையும் பெட்டகமுமாக அமர்ந்திருப்பர். சமையல் பொது, தங்குமிடமும் அதுவே. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், கணக்கெழுதப் பழகி அடுத்தாளாக உயர்ந்து, தகுதி பெற்றபின் மேலாளாகப் பொறுப்பேற்பான். வட்டி விகிதம் முதல் கடன் கேட்பவரின் நம்பகம் வரை அனைத்தும் அக்கூடத்தில் பகிரப்பட்டன. வரவிலிருந்து ஒரு பங்கை மகமை எனக் கோயிலுக்கும் அறத்திற்கும் ஒதுக்கும் வழக்கம் கணக்கேட்டிலேயே இடம்பெற்றது. பொதுநலம் என்பது இலாபம் பார்த்தபின் மனம் போனபடி தரும் நன்கொடையாக இராமல், ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வரியாக இருந்தது. சிங்கப்பூர்த் தேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் இக்கூட்டுப் பொறுப்புணர்வுக்கு இன்றும் சான்று பகர்கிறது.

கிட்டங்கியே வளர்காப்பகத்தின் முன்னோடி எனப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. பட்டேவியாவின் மன்கூசோ கிட்டங்கியை அறிந்தவரல்லர். அதன் வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. அது சற்றுக் கசப்பானது.

இதே பயிற்சி முறையில் தேர்ந்தவர்களே பர்மாவிலும் கடன் தொழில் நடத்தினர். ஐராவதிப் படுகையின் நெல் விளைச்சல் அவர்கள் தந்த முதலால் பெருகியது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியது. நெல் விலை சரிந்தது. உழவரால் கடனைத் திருப்ப இயலவில்லை. கீழைப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே. ஆயினும் நிலமிழந்த உழவரின் சினம் அவர்கள்மீதே திரும்பியது. போரும் பின்வந்த நிலச் சட்டங்களும் சேர்ந்து, அந்நிலமும் முதலும் அவர்கள் கைவிட்டுப் போயின.

கிட்டங்கியில் பயின்றவர்கள் கணக்கில் பிழை செய்தவர்களல்லர். வட்டியைத் துல்லியமாகக் கணிக்கும் அவர்களின் திறன் உலகறிந்தது. ஒவ்வொருவரின் கடனும் தனித்தனியே ஏட்டில் இருந்தது. ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒரே விளைபொருளையும் ஒரே விலையையும் நம்பி நிற்பதன் ஆபத்துக்கு அந்த ஏட்டில் பத்தி இல்லை என்று நாம் கருதுகிறோம். கோயிலுக்கும் சமூகத்திற்கும் உரிய பங்கு எழுதப்பட்டது, நன்கு பேணப்பட்டது. வயலுக்கும் அதனை உழுதவர்க்கும் உரிய பங்கு எழுதப்படவில்லை. ஆகவே பேணப்படவும் இல்லை. சிறந்த பயிற்சிக்கூடமும் தான் கணக்கில் கொள்ளாததைத் தன் மாணவர்க்குக் கற்பிக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

7. இன்றைய நிலை

இவ்வெளிச்சத்தில் நம் நாடுகளின் வளர்காப்பகங்களை நோக்குவோம். சிங்கப்பூரில் ஆயர் ராஜா வட்டாரத்தின் 71ஆம் புளோக், இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்கூடக் கட்டடம். 2011இல் அது புதுத்தொழில் நிறுவனங்களின் உறைவிடமாயிற்று. பட்டேவியாவின் பழைய ஆலை போலவே மறுவாழ்வு பெற்றது. சமூக நிறுவனங்களை வளர்க்கும் ரைஸ் மையம் 2015இல் தோன்றியது. மலேசியாவில் 2014இல் சைபர்ஜெயாவில் அமைந்த மேஜிக் மையம் சமூகத் தொழில்முனைவுக்கும் ஆதரவளித்தது. 2021இல் அது மலேசியத் தொழில்நுட்பப் பூங்காவுடன் இணைந்து மிரான்டி என்னும் ஒரே அமைப்பாயிற்று.

இவற்றின் பணி போற்றத்தக்கது. ஆயினும் உலகெங்கும் வளர்காப்பகங்கள் தம் வெற்றியை அளக்கும் முறையில் ஒரு குறை தொடர்கிறது. எத்தனை நிறுவனங்கள் சேர்ந்தன, எவ்வளவு முதல் திரண்டது, எத்தனை வேலைகள் உருவாயின என்பவையே ஆண்டறிக்கைகளில் முன்னிடம் பெறுகின்றன. எவ்வளவு நீர் மிஞ்சியது, எவ்வளவு கழிவு குறைந்தது, வெளியேறி ஐந்தாண்டு கழிந்தபின் அப்பழக்கம் நீடித்ததா என்பவை பின்னிணைப்புக்குத் தள்ளப்படுகின்றன. இந்நிலையில் பசுமை என்னும் சொல் விளம்பர அட்டையில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இளம் தொழில்முனைவர் கூரியவர். வளர்காப்பகம் எதைக் கேட்கிறது என்பதைவிட எதற்குப் பரிசளிக்கிறது என்பதையே உற்றுநோக்குவார். முதல் திரட்டியவருக்கே பாராட்டு எனில், நிலைத்தன்மைப் பயிலரங்கு அவருக்குக் கையொப்பமிட்டு வரும் சடங்காகிவிடும்.

முடிவுரை

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் உரிய பங்கு என்ன? நம் பிள்ளைகள் பலர் நாளை தொழில் தொடங்குவர். உணவுக்கடை, துணிக்கடை, கணினிச் சேவை, துப்புரவுப் பணி என எதுவாயினும் அதற்கும் ஒரு கணக்கேடு உண்டு. வளர்காப்பகத்தின் வாசலை மிதிக்கும் முன்னரே அவர்கள் கணக்கிடும் முறையைப் பள்ளியில் பழகிவிடுகிறார்கள்.

எனவே நாம் மூன்றை வேண்டுகிறோம். நீடித்த நிலைத்தன்மையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, பொதுமொழிகளை அடுக்குவதோடு மாணவர் நின்றுவிடாமல், தாம் அறிந்த ஒரு கடையின் ஒரு நாள் நீரையோ பொதிதாளையோ எண்ணி எழுதச் செய்யலாம். மரபு வணிகத்தைப் பாராட்டிப் பாடம் நடத்தும்போது, மகமையைச் சொல்லும் அதே வகுப்பில் பர்மா உழவரின் கதையையும் சொல்லலாம். முழு வரலாறே மாணவரின் மதிப்பைப் பெறும். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, கரிம வரி, சோதனைக் களம் போன்ற சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்விக்காமல், தமிழிலேயே கணக்கிட்டுத் தமிழிலேயே வாதிடும் அளவுக்குப் பழக்கப்படுத்தலாம். கடன், வட்டி, ஐந்தொகை, பேரேடு என வணிகத்தின் நுண்கணக்கை முழுவதும் தாங்கிய மொழி நம்முடையது. நீருக்கும் மண்ணுக்கும் உரிய பத்திகளை அதே பேரேட்டில் சேர்க்கும் பணி இத்தலைமுறையிடம் வந்துள்ளது.